கல்பூச்சிப் பெட்டி

திருப்பதி
12 நவம்பர் 1955

அன்புள்ள சீலிக்கு,

நீ வந்து போன மறுநாளே எழுத நினைத்தேன். ஊசி போட்ட இடம் வீங்கி, கையைத் தூக்க முடியவில்லை. இப்போது பரவாயில்லை. இருமல் குறைந்திருக்கிறது. எடை கொஞ்சம் ஏறியிருப்பதாக டாக்டர் சொன்னார். எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் என்று கேட்டால் மட்டும் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார். காசநோய் வார்டில் அவசரப்படுகிறவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

ஒரு காரியம் கேட்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. என் மேஜைக்கு அடியில் மிஷன் பள்ளிக்கூடத்து மிஸ்ஸியம்மா விட்டுப்போன மரப்பெட்டி இருக்கிறதே, அதன் மேல்தட்டில் ஒரு கல்லை ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தேன். பாதி வேலையில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இந்நேரம் துணி காய்ந்து ஒட்டியிருக்கும். இழுத்து உரித்தால் பூச்சியின் ஓடும் துணியோடு வந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக எடுத்துப் பஞ்சில் வைத்துவிடு.

உனக்கு அது வெறும் கல்பூச்சி. புத்தகத்தில் அதற்கு டிரைலோபைட் என்று பேர். மனிதன் பிறப்பதற்கு எத்தனையோ கோடி வருஷம் முந்திக் கடலடியில் ஊர்ந்தது. மிஸ்ஸியம்மா அமெரிக்காவில் தன் ஊர் ஓடைக்கரையில் பொறுக்கிய கற்கள் அவை. ஊருக்குத் திரும்பும்போது, “உன்னிடம் பொறுமை இருக்கிறது, நீ திறந்து பார்” என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கல்லுக்குள் முழுப் பூச்சி இருக்கிறதா, உடைந்த துண்டுதானா என்று தெரியாமலே இங்கே வந்து படுத்திருக்கிறேன். அதுதான் அரிக்கிறது.

பாப்பா சுகமா?

உன்
தேவானந்தம்


சித்தூர்
20 நவம்பர் 1955

பிரியமானவர்களுக்கு,

கடிதம் வந்தது. கல்லுக்கு ஒரு பக்கம் முழுக்க, பாப்பாவுக்குக் கடைசியில் இரண்டு சொல். படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

பாப்பா சுகம். கீழே நான்கு பல் முளைத்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உங்கள் அம்மா பேரை வைத்தோமே, எலிசபெத் என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. பாப்பா என்றால்தான் திரும்புகிறாள்.

துணியை ஊறவைத்து எடுத்துவிட்டேன். ஓடு வரவில்லை. பெட்டியில் இன்னொரு கல்லில் பூச்சியின் முதுகு அழுக்காகத் தெரிந்தது. பித்தளைச் சொம்பு தேய்ப்பதுபோல் எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்தேன். நுரைத்துக்கொண்டு வந்தது. கழுவிப் பார்த்தால் முதுகில் இருந்த வரிகளைக் காணோம். வழவழவென்று கூழாங்கல் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரியும். கல்யாணமான நாளிலிருந்து சாயங்கால வேளையில் உங்கள் முதுகோடுதான் பேசியிருக்கிறேன். எனக்கும் வருத்தம் உண்டு.

பள்ளிக்கூடத்தில் தெலுங்கு தெரியாத டீச்சர்கள் எல்லாரும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். எனக்குப் பேச வரும், எழுத வராது. இனிமேல் பாப்பாவும் நானும் சேர்ந்துதான் எழுத்துக் கற்க வேண்டும்.

உங்கள்
சீலி


திருப்பதி
2 டிசம்பர் 1955

சீலிக்கு,

எலுமிச்சம்பழம் என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்துக் கட்டில் கங்கையா, வரதய்யபாளையத்துக்காரர், பயந்துபோய், “இன்னா சார், ஊட்ல எதுனா கெட்ட சேதியா?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து இரண்டு பேரையும் திட்டினாள்.

எலுமிச்சை, புளி, காடி எதுவுமே ஆகாது. மேலே ஒட்டியிருப்பதிலும் சுண்ணாம்பு, பூச்சியின் ஓடும் சுண்ணாம்பு. புளிப்புக்கு இரண்டும் ஒன்றுதான், சேர்த்துக் கரைத்துவிடும். ஊசிதான் வேண்டும். மேஜை இழுப்பறையில் கிராமபோன் ஊசியைப் பேனாக்கட்டையில் செருகி வைத்திருக்கிறேன். கடிகாரக்காரர் கண்ணில் வைத்துக்கொள்ளும் பூதக்கண்ணாடியும் அங்கேதான். கல்லை ஈரத்துணி மேல் வைத்து, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே, மண்ணைத் துளித்துளியாகத் தள்ளு. ஊசி முனை எப்போதும் பூச்சியை விட்டு விலகிப் போக வேண்டும். குத்தாதே. மண் வெளிறின சாம்பல் நிறம், ஓடு கறுப்பு. கறுப்பு தெரிந்தால் ஊசியை வைத்துவிட்டுத் தூரிகையை எடு.

எல்லாம் ஈரமாகவே இருக்கட்டும். தூள் பறந்தால் மூக்கில் துணி கட்டிக்கொள். பாப்பாவைப் பக்கத்தில் விடாதே.

செய்யத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. இங்கே படுத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே செய்து பார்க்கிறேன், அதைத்தான் உனக்கு எழுதினேன். என் முதுகைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

தேவானந்தம்


சித்தூர்
9 பிப்ரவரி 1956

பிரியமானவர்களுக்கு,

போன வாரம் உங்களைப் பார்க்க வந்தபோது வேண்டுமென்றே சொல்லவில்லை. முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். உங்கள் கல்லில் இருப்பது முழுப் பூச்சி.

கிறிஸ்துமஸ் லீவில் ஆரம்பித்தேன். பாப்பா மத்தியானம் தூங்கும் நேரம்தான் கிடைக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. கழுத்து வலித்தது. ஒருநாள் முழுக்கச் செய்தும் அரிசி அளவுகூட நகரவில்லை. அப்புறம் எப்படியோ பிடித்துக்கொண்டது. தலையின் ஓரத்தில் மண்ணைத் தள்ளிக்கொண்டே போனபோது சின்னக் குமிழ் ஒன்று எழும்பி நின்றது. துடைத்துப் பார்த்தேன். கண். என்னைப் பார்ப்பதுபோலவே இருந்தது. ஊசியைப் போட்டுவிட்டு எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபக்கத்துக் கண்ணும் இருக்கிறது. உடம்பு மட்டும் மரவட்டை மாதிரிக் கொஞ்சம் சுருண்டிருக்கிறது.

பால் கொண்டுவந்த செங்கம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, ஐயா ஆஸ்பத்திரில கீறாரு, நீ கல்லுக்குத் தலை வாரிக்கினு கீறே?” என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று.

பாப்பா நடக்கிறாள். திருத்தணியிலிருந்து தம்பி நேசகுமார் வந்திருந்தான். திருத்தணியைச் சென்னையோடு சேர்க்கச் சொல்லி எல்லை ஊர்வலத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. “சித்தூர் போனாலும் திருத்தணிய உட மாட்டோம்கா” என்கிறான். சித்தூர் எங்கே போகிறது, இங்கேதானே இருக்கிறது என்றேன். அவனுக்குக் கோபம்.

சீலி


திருப்பதி
1 மார்ச் 1956

என் சீலிக்கு,

உன் கடிதத்தை வார்டு முழுக்கப் படித்துக் காட்டிவிட்டேன். கண் எழும்பின இடத்தை மட்டும் கங்கையா இரண்டு தடவை கேட்டார்.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு முழுக் கண் கிடைத்ததில்லை. ஒன்று தெரியுமா? அந்தக் கண்ணே கல்தான். உயிரோடு இருந்தபோதே அதற்குக் கண்ணாடிபோல் கல் வில்லைகள் இருந்தன. பூதக்கண்ணாடியை நல்ல வெயிலில் பிடித்துப் பார். தேன்கூடுபோல் அறை அறையாகத் தெரிந்தாலும் தெரியும்.

போன வாரம் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்திருக்கிறது. இன்னும் சில தடவை இப்படியே வந்தால் வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். கோடை லீவுக்குள் வந்துவிட்டால் பெட்டியில் இருக்கும் மற்றக் கற்களை இரண்டு பேரும் சேர்ந்தே செய்யலாம். மேஜைக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நாற்காலி போடலாம். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார மாட்டேன்.

உன்
தேவானந்தம்


திருப்பதி
28 ஜூன் 1956

சீலிக்கு,

மே மாதக் கடைசியில் நீ வரவில்லை. ஜூனிலும் காணோம். இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நேசகுமார் மட்டும் ஒரு கார்டு எழுதியிருந்தான், எல்லாரும் சுகம் என்று. அவன் கையெழுத்தில் ஏன் வந்தது? உனக்கு என் மேல் ஏதாவது கோபமா? கல் ஒன்று உடைந்துபோய், அதைச் சொல்லப் பயப்படுகிறாயா? உடைந்தால் என்ன, ஒட்டிக்கொள்ளலாம். வஜ்ரப் பசையைக் காய்ச்சிக் குச்சி நுனியால் தொட்டு வைத்தால் விரிசலே தெரியாது.

டாக்டரும் ஏனோ இப்போதெல்லாம் என் கட்டிலருகே அதிக நேரம் நிற்கிறார். வீட்டிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்கிறார். இதற்கு முன் கேட்டதில்லை.

ஒரு வரி எழுது.

தேவானந்தம்


சித்தூர்
9 ஜூலை 1956

உங்களுக்கு,

பாப்பா போய்விட்டாள்.

எப்படி எழுதினாலும் இதுதான் முதல் வரியாக வருகிறது. எத்தனையோ தாளைக் கிழித்துவிட்டேன்.

மே மாதம் கடைசியில் காய்ச்சல். முதலில் பல் முளைக்கிற காய்ச்சல் என்றார்கள். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. காரணமில்லாமல் அழுவாள், தூக்கினால் இன்னும் அழுவாள். அப்புறம் அழுகை நின்றது. நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். செங்கம்மாதான் பார்த்துவிட்டு, “புள்ள தூங்கிக்கினே கீதே, எழுப்பினாலும் முழிக்க மாட்டேங்குதே, தூக்கிக்கினு ஓடும்மா” என்றாள். ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மூளைக் காய்ச்சல், காசநோயால் வந்தது என்றார்கள். உங்களுக்குப் போடுகிற அதே மருந்தைத்தான் அவளுக்கும் போட்டார்கள்.

ஜூன் மாதம் நடுவில் போய்விட்டாள். நேசகுமார் வந்து எல்லாம் செய்தான். சபைக் கல்லறையில், புளியமரத்துக்குக் கிழக்கே வைத்திருக்கிறோம். உங்களுக்குத் தந்தி கொடுக்கப் புறப்பட்டேன். நேசகுமார் முதலில் உங்கள் டாக்டரிடம் போய்க் கேட்டுவந்தான். இந்த நேரத்தில் அதிர்ச்சி ஆகாது, நுரையீரல் ஆறட்டும் என்றாராம். சரி என்றேன். எனக்கு எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை. இப்போது தெரிவிக்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார்.

வேறு என்ன எழுத.

சீலி


திருப்பதி
13 ஜூலை 1956

சீலி,

வெளியே போக விடச் சொல்லி டாக்டரின் காலைப் பிடித்தேன். பஸ்ஸில் போகிற உடம்பு இல்லை என்று தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டார். கங்கையா ராத்திரி பகல் என் கையை விடவில்லை.

கல் உடைந்ததா என்று எழுதியிருந்தேன். அந்தக் கடிதம் வந்த அன்று வீடு எப்படி இருந்திருக்கும். அதைக் கிழித்துப் போடு.

என்னிடமிருந்துதானே வந்தது? டாக்டரிடம் கேட்டேன். யாரிடமிருந்து என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்கிறார். என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார். நீ சொல்.

தேவானந்தம்


சித்தூர்
20 ஆகஸ்ட் 1956

உங்களுக்கு,

நான் சொல்ல வேண்டும் என்றீர்கள். ஒரு மாதமாகச் சொல்லாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அவளுக்கு ஆறு மாதம் இருக்கும்போதே நீங்கள் இருமிக்கொண்டிருந்தீர்கள். சாயங்காலம் அவளை மடியில் வைத்துக்கொண்டு கல்லைச் சுரண்டுவீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன். “கல்தூள் சீலி, தூள் போனா யாருக்கும் இருமத்தான் செய்யும்” என்றீர்கள். நானும் நம்பினேன். ரத்தம் வந்த பிறகுதான் போனீர்கள். அந்தக் கல் மட்டும் வீட்டில் இல்லாமல் இருந்தால், இருமலுக்கு வேறு காரணம் சொல்ல உங்களிடம் எதுவும் இருந்திருக்காது. முதல் மாதமே போயிருப்பீர்கள்.

இதை எழுதினதும் மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. நீங்கள் அவள் மேல் வைத்திருந்த பிரியமும் எனக்குத் தெரியும். இரண்டும் உண்மையாக இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

திருத்தணிக்கு மாற்றல் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். நேசகுமார் வீட்டில் இருப்பேன். பால் வருகிற நேரத்தில் இந்த வீட்டில் என்னால் நிற்க முடியவில்லை. பெட்டியை உடைத்துப் போடத்தான் எடுத்தேன். பிறகு நான் சுத்தம் செய்தவற்றைப் பஞ்சில் சுற்றி உள்ளே வைத்து மூடிவிட்டேன். சாவி செங்கம்மாவிடம் இருக்கிறது.

மருந்தை நிறுத்தாதீர்கள்.

சீலி


சித்தூர்
17 மார்ச் 1957

சீலிக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். பாகாலாவில் வண்டி மாறும்போது உன்னைப்போல ஒருத்தி பிளாட்பாரத்தில் நின்றாள். பக்கத்தில் போன பிறகுதான் வேறு யாரோ என்று தெரிந்தது.

நீ எழுதினது அத்தனையும் சரி. எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. இத்தனை மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம், கோபம் இல்லை.

கல்லறைக்குப் போனேன். இவ்வளவு சின்ன மேடு என்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கே போய் உட்காருகிறேன். எறும்பு கட்டின மண்ணைத் தள்ளிவிடுகிறேன், புல்லைப் பிடுங்குகிறேன். அவளுக்காக நான் செய்ய முடிகிற வேலை அது ஒன்றுதான்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். உன் கை சுத்தம் எனக்கு வராது. அந்தச் சுருண்ட பூச்சியின் வயிற்றுப்பக்க மடிப்பில்கூட ஒரு கீறல் இல்லை. கல் வேலை இனிமேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாவிட்டாலும் உட்காரத் தோன்றவில்லை. பெட்டியை அப்படியே என் பள்ளிக்கூடத்து விஞ்ஞான அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்க்கிற பிள்ளைகளிடம், இதை என் மனைவி செய்தாள் என்று சொல்கிறேன்.

நீ வருவாயா?

தேவானந்தம்


திருத்தணி
2 ஏப்ரல் 1957

உங்களுக்கு,

வர முடியாது. அந்த ஊரில் இறங்கினால் கால் நேரே கல்லறைக்குத்தான் போகும். திரும்பி வராது. நீங்கள் இங்கே வருவதானால் வாருங்கள்.

சீலி


சித்தூர்
21 பிப்ரவரி 1960

சீலிக்கு,

வருஷத்துக்கு இரண்டு கார்டு என்று மூன்று வருஷம் ஓட்டிவிட்டோம். இன்று கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

ஏப்ரல் முதல் திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்கிறது என்று பேப்பரில் பார்த்தேன். டீச்சர்கள் எந்தப் பக்கம் வேலை செய்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாமே. நேசகுமார் தோரணம் கட்டிக்கொண்டிருப்பான். இங்கே கல்வி ஆபீஸில் எனக்குத் தெரிந்தவர் வேதாச்சலம். “உங்க வீட்டம்மா ஆந்திராவுக்கு எழுதிக் குடுத்தா சித்தூர்லயே போஸ்டிங் வாங்கிக் குடுக்கறேன் சார்” என்றார். அதைச் சொல்லிவிட்டேன். வற்புறுத்தவில்லை.

நான் அங்கே வந்துவிடலாம் என்று பல தடவை துணிமணிகூட எடுத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். அவளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று திரும்ப அவிழ்த்து வைத்துவிடுவேன். நீ அந்த மண்ணைப் பார்க்க முடியாமல் போனாய். எனக்கோ அதைத் தவிர அவளைப் பார்க்க வேறு இடம் இல்லை.

போன ஞாயிறு அங்கே ஒரு அம்மா, சபைக்குப் புதிதாக வந்த ரத்னம்மா என்பவள், “கொழந்த எப்டி இருக்கும் சார்?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, சீலி. தொட்டிலில் கிடந்த கைக்குழந்தையைத்தான் எனக்குத் தெரியும். நடந்ததை நான் பார்க்கவில்லை. குரல் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து எத்தனை கடிதம் எழுதினேன், அவள் என்ன பேசுகிறாள் என்று ஒன்றிலாவது கேட்டேனா? நேரம் இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

நீ எந்தப் பக்கத்துக்கு வேண்டுமானாலும் கையெழுத்துப் போடு. அவள் எப்படி இருந்தாள் என்று மட்டும் எழுது.

தேவானந்தம்


திருத்தணி
6 மார்ச் 1960

பிரியமானவர்களுக்கு,

சென்னைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள். பிறகு வந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். சித்தூரில் என்னால் வாழ முடியாது. இது உங்கள் மேல் கோபத்தால் இல்லை. கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை.

இந்த மூன்றரை வருஷமாக யாரும் என்னிடம் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. நான் அழுவேன் என்று அவள் பேரையே இந்த வீட்டில் எடுப்பதில்லை. நீங்கள்தான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

கறுப்பு. உங்கள் நெற்றி. தூங்கும்போது என் காதுக்குள் விரலை விட்டுக்கொண்டுதான் தூங்குவாள். முதலில் நடந்தபோது என்னிடம் வரவில்லை. குடத்துக்கு நடந்து போய், அதைக் கட்டிக்கொண்டு நின்றாள். சோறு வேண்டாம் என்றால் தலையாட்டமாட்டாள், கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள். தான் பார்க்காவிட்டால் சோறு இல்லாமல் போய்விடும் என்று நினைப்பு. குரல் கட்டைக் குரல். செங்கம்மா பாலை ஊற்றிவிட்டு, “இன்னா துன்னே?” என்று கேட்டால், எதைத் தின்றிருந்தாலும் “மீனு” என்பாள். மீனை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

உங்கள் கல்யாணப் போட்டோவைக் காட்டி நைனா என்று சொல்லிக் கொடுத்தேன். போட்டோவில் அவளுக்கு மூக்குக்கண்ணாடிதான் பிடிபட்டது. அதன் பிறகு கண்ணாடி போட்டவர் யாரைப் பார்த்தாலும் நைனா. தெலுங்குப் பண்டிதரைக் கூப்பிட்டுவிட்டாள், எனக்கு வெட்கமாகப் போயிற்று. தபால்காரருக்கும் கண்ணாடி. அவர் நல்ல மனிதர், மறுக்கமாட்டார். “இந்தா பாப்பா, உங்க நைனா லெட்டரு” என்று அவள் கையில்தான் கொடுப்பார். நைனா என்றால் வாசலில் வந்து நிற்கிறவர், கையில் எதையாவது கொடுக்கிறவர் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். சைக்கிள் மணி கேட்டால், விழுந்தடித்துக்கொண்டு ஓடுவாள்.

காய்ச்சலில் படுத்த பிறகு அவள் யாரையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற அன்று காலை, தெருவில் மணி கேட்டது. வேறு யாரோ போனார்கள், தபால் இல்லை. கண்ணைத் திறந்து வாசல் பக்கம் திரும்பினாள். நான் குனிந்து என் முகத்தைக் காட்டினேன். என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

உங்களுக்கு இது வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அவள் உங்களை அறியாமல் போகவில்லை. நீங்கள் தினமும் வருவீர்கள் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

இன்னும் நிறைய இருக்கிறது. எழுத முடியவில்லை, எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது, பாருங்கள். சனிக்கிழமைகளில் எனக்கு அரைநாள்தான் பள்ளிக்கூடம். பஸ்ஸில் வாருங்கள், உட்கார்ந்து சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் முதல் பஸ்ஸில் உங்களை அவளிடம் அனுப்பிவிடுகிறேன்.

உங்கள்
சீலி